ஒரு கட்டுரைக்கு நான்கு கைகள்: இணையத்தில் கூடி எழுதினால் மாணவர்களின் தமிழ் வளருமா?

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு, மாணவர்களின் மொழித்திறனை வளர்க்க இணையக் கூட்டுக் கருவிகளை எவ்வாறு பயன்படுத்துவது என்பதாகும். தலைப்பைக் கேட்டவுடன், இது கணினி படித்தவர்களுக்கு உரியது, நமக்கென்ன என்று பெற்றோர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். இது உங்கள் பிள்ளையின் கையில் எந்நேரமும் இருக்கும் கைப்பேசியைப் பற்றியது. அந்தக் கைப்பேசியில் தமிழ் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பற்றியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழாசிரியர்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "பிள்ளைகளுக்குத் தமிழ் புரிகிறது, பேசவும் செய்கிறார்கள், ஆனால் நான்கு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் பேனா நகர மாட்டேன் என்கிறது." வீட்டில் தமிழ் கேட்கிறது, தொலைக்காட்சியில் தமிழ் கேட்கிறது, கோயிலிலும் கேட்கிறது. ஆனால் நண்பனுக்குச் செய்தி அனுப்பும்போது மட்டும் தமிழ் ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறது. நாள்தோறும் நூறு செய்தி எழுதும் பிள்ளை, தமிழ் எழுத்தில் ஒரு செய்தியும் எழுதுவதில்லை. எழுதாத மொழி எப்படிக் கைக்கு வரும்?

கேட்டால் மட்டும் போதுமா?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்ட அந்தப் பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேசுவதிலும் எழுதுவதிலும் பின்தங்கியே இருந்தார்கள். இதனை ஆராய்ந்த மெரில் சுவெய்ன் என்ற மொழியியல் அறிஞர் 1985ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்பதும் வாசிப்பதும் மட்டும் மொழியைக் கற்றுத் தந்துவிடாது. மாணவன் தானே ஒரு வாக்கியத்தை உருவாக்க முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதைக் கண்டுகொள்கிறான். பிறகு அதைத் தேடுகிறான், திருத்துகிறான். மொழி அந்த இடத்தில்தான் வளர்கிறது என்றார் அவர்.

ரஷ்ய உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி 1934ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் சொன்னது இன்னொரு பக்கத்தை விளக்குகிறது. ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாத ஒன்றை, சற்றுக் கூடுதலாகத் தெரிந்த ஒருவரின் துணையோடு செய்துவிடும். இன்று துணையோடு செய்ததை நாளை தனியாகவே செய்யும். நம் வீடுகளில் கோலம் போடக் கற்றுக்கொண்டதும், கோயிலில் உறுமி மேளம் அடிக்கக் கற்றுக்கொண்டதும் இப்படித்தானே?

இந்த இரண்டு கருத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். மாணவன் தானே எழுத வேண்டும். எழுதும்போது பக்கத்தில் ஒரு துணை இருக்க வேண்டும். முப்பது, முப்பத்தைந்து மாணவர்கள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் அத்தனை பேருக்கும் பக்கத்தில் உட்கார முடியாது. கட்டுரை நோட்டுப் புத்தகத்தைத் திரட்டி, சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. அதற்குள் எழுதியதை மாணவன் மறந்துவிடுகிறான். மதிப்பெண்ணைப் பார்க்கிறான், நோட்டை மூடுகிறான். கூட்டுக் கருவிகள் உதவிக்கு வருவது இந்த இடைவெளியில்தான்.

கூட்டுக் கருவி என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு கோப்பை நாம் தட்டச்சு செய்து மற்றவருக்கு அனுப்புவோம். அவர் அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். கூட்டுக் கருவியில் கோப்பு எங்கும் பயணம் செய்வதில்லை. அது இணையத்தில் ஓரிடத்தில் இருக்கும், பலர் அவரவர் இடத்திலிருந்து அதே பக்கத்தைத் திறந்து எழுதுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாணவி ஒரு சொல்லைத் தட்டும்போதே கிள்ளானில் இருக்கும் மாணவனின் திரையில் அது தெரியும்.

இதன் தொடக்கம் 1995ஆம் ஆண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த வார்டு கன்னிங்ஹம் என்ற மென்பொருளாளர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை உருவாக்கி அதற்கு "விக்கி" என்று பெயரிட்டார். ஹவாய் மொழியில் அதற்கு "விரைவு" என்று பொருள். அந்த முறையைக் கொண்டு 2001ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா பிறந்தது. 2006ஆம் ஆண்டில் கூகிள் ஆவணங்கள் வந்த பிறகு, சாதாரணக் கட்டுரையையும் கூட்டாக எழுதும் வசதி எல்லாருக்கும் கிடைத்தது.

இந்தக் கருவிகளில் மூன்று வசதிகள் மொழிப் பாடத்திற்கு முக்கியமானவை. ஒன்று, ஓரத்தில் கருத்து எழுதும் வசதி. மற்றவர் எழுதியதை அழிக்காமலே "இந்த இடத்தில் பொருள் விளங்கவில்லை" என்று குறிப்பிடலாம். இரண்டு, திருத்தத்தைப் பரிந்துரைக்கும் வசதி. எழுதியவர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். மூன்று, மாற்ற வரலாறு. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது பதிவாகி நிற்கும். நோட்டுப் புத்தகத்தில் அழிப்பான் கொண்டு அழித்தால் பழைய வாக்கியம் போய்விடும். இங்கே முதல் வரைவு முதல் கடைசி வரைவு வரை அத்தனையும் இருக்கும். ஒரு மாணவனின் தமிழ் எப்படி வளர்ந்தது என்பதை ஆசிரியர் கண்ணால் காணலாம்.

தமிழுக்கு இது புதிதா?

இல்லை. இணையத்தில் கூடி உழைப்பதில் தமிழர்கள் முன்னோடிகள் என்றே சொல்லலாம். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதற்கு வழிகாட்டினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் எதுவுமின்றி, ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழைதிருத்த, நம் பழைய இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள். இன்று நம் மாணவர்கள் திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ கணினியில் தேடிப் படிக்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்தக் கூட்டு உழைப்பும் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்கத்தில் அதனை வளர்த்தவர், இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் கட்டுரைகளை எழுதிச் சேர்த்தார். பிறகு தமிழகம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று பல நாட்டவர் சேர்ந்தார்கள். 2017ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தை எட்டின. 2010ஆம் ஆண்டில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்காக விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியையே நடத்தியது. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்சனரி என்ற கூட்டு அகராதியில் இன்று மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

நம் நாட்டின் பங்கும் சிறியதன்று. மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழ் எழுதும் "முரசு" மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் "செல்லினம்" 2005ஆம் ஆண்டில் வந்தது. உலகத் தமிழ் இணைய மாநாடு 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்தது. 2013ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நடந்தது. ஆக, கருவி செய்து கொடுத்த நாடு நம் நாடு. அந்தக் கருவியை நம் பிள்ளைகள் கையில் எடுக்காமல் இருப்பதுதான் வருத்தத்திற்குரியது.

நம் பள்ளிகளில் நடந்தது என்ன?

கணினிவழிக் கல்வியில் நம் நாட்டுக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. அதனை மறந்துவிடக் கூடாது. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் நாட்டிலுள்ள ஏறக்குறைய பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணைய வசதியும், ஃபுரோக் என்ற மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கப்பட்டன. ஆனால் அந்தத் தளத்தின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டே கோவிட் வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆசிரியர்கள் எல்லாரும் இணையத்திற்கு வந்தார்கள். 2020 ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா என்ற தளத்தைத் தொடக்கியது. கூகிள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் கருவிகள் அதன்வழி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைத்தன. அதே காலத்தில்தான் சபாவில் ஒரு மாணவி, இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின் மேல் ஏறித் தேர்வு எழுதிய செய்தியையும் நாம் பார்த்தோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மரம் ஏற வேண்டிய நிலை இல்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும் என்ற நிலையை நாம் நன்கு அறிவோம்.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, கருவியைக் கொடுத்தால் மட்டும் கல்வி வளராது. அதனைக் கொண்டு என்ன செய்வது என்பது ஆசிரியருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, கருவிகள் நிலையானவை அல்ல. ஃபுரோக் போய்விட்டது. கோவிட் காலத்தில் பலர் பயன்படுத்திய கூகிளின் ஜாம்போர்டு வெண்பலகை 2024ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆகவே எந்தச் செயலி என்று கேட்பதைவிட, எந்த முறை என்று கேட்பதே அறிவுடைமை. முறை கைவந்துவிட்டால், கருவி மாறினாலும் ஆசிரியர் தடுமாற வேண்டியதில்லை.

ஒரு செயல்திட்டம்

பேச்சாகவே போய்விடாமல் இருக்க, எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் செய்யக்கூடிய ஒரு திட்டத்தை விளக்குகிறோம். அதற்குப் பெயர் தோட்டத்துச் சொல்லகராதி.

கிள்ளானைச் சுற்றியும் சிலாங்கூர் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பெரட்டு, கிராணி, தண்டல், லயம், நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால் என்று எத்தனையோ சொற்கள் உண்டு. சில தமிழ், சில மலாயிலிருந்து வந்தவை, சில ஆங்கிலம் திரிந்தவை. தமிழகத்து அகராதிகளில் இவற்றின் தோட்டத்துப் பொருளைத் தேடினால் கிடைப்பது அரிது. இந்தத் தலைமுறை போய்விட்டால் சொல்லும் போய்விடும்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து சொற்கள். வேலை இப்படி நடக்கும்:

1. முதல் வாரம் கேட்டல். வீட்டுப் பெரியவரிடம் சொல்லின் பொருளைக் கேட்டு, அவர் இசைவு பெற்றுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தல்.

2. இரண்டாம் வாரம் எழுத்து. கேட்டதைச் சொந்த வாக்கியத்தில் குழுவின் பொதுப் பக்கத்தில் எழுதுதல். ஒரு சொல்லுக்கு ஐந்து வரி போதும்.

3. மூன்றாம் வாரம் வாசிப்பு. ஒவ்வொருவரும் மற்ற மூவர் எழுதியதை வாசித்து, ஓரத்தில் குறைந்தது இரண்டு கேள்விகள் கேட்டல். "நன்று", "சூப்பர்" என்ற பாராட்டு மட்டும் எழுதினால் அது கணக்கில் சேராது.

4. நான்காம் வாரம் திருத்தம். கேள்விகளுக்கு ஏற்ப எழுதியதை மாற்றி, இலக்கணப் பிழைகளை நீக்குதல்.

5. ஐந்தாம் வாரம் பேச்சு. வகுப்பின்முன் ஒரு சொல்லைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுதல்.

இதில் மொழி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஒரு மாணவன் முதலில், "பெரட்டு என்றால் காலையில் ஆள் கூப்பிடுவது" என்று எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். "யார் கூப்பிடுவார்?" என்று ஒரு தோழி கேட்கிறாள். "எதற்குக் கூப்பிடுவார்?" என்று இன்னொருவன் கேட்கிறான். மாணவன் மறுபடியும் தாத்தாவிடம் போகிறான். இப்போது வாக்கியம் மாறுகிறது: "விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஓரிடத்தில் கூட்டி, கிராணியோ தண்டலோ பெயர் வாசித்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதே பெரட்டு." முதல் வாக்கியத்தில் ஐந்து சொல். இரண்டாவது வாக்கியத்தில் வினையெச்சம் வந்துவிட்டது, ஓகாரம் வந்துவிட்டது, சொல்வளம் கூடிவிட்டது. ஆசிரியர் இலக்கண விதியைச் சொல்லவே இல்லை. தோழியின் கேள்விதான் அந்த வாக்கியத்தை வளர்த்தது.

இலக்கணத்திற்கும் இடம் உண்டு

கூடி எழுதினால் பிழையும் கூடிவிடாதா என்று சிலர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். ஆனால் பிழை வெளியே தெரிந்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும். "அந்த பையன்" என்று ஒருவன் எழுத, "ப் வரவேண்டும், அந்தப் பையன்" என்று மற்றவன் திருத்துகிறான். உடனே இன்னொருவன் "வந்த பையன்" என்பதையும் "வந்தப் பையன்" என்று மாற்றிவிடுகிறான். இப்போது ஆசிரியர் வரலாம். சுட்டுச் சொல்லான "அந்த" என்பதற்குப் பின் வல்லினம் மிகும், "வந்த" என்ற பெயரெச்சத்திற்குப் பின் மிகாது என்று பத்து நிமிடத்தில் விளக்கலாம். மாணவர்கள் தாங்களே முட்டி மோதிய இடம் என்பதால் அந்த விதி மனத்தில் நிற்கும். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இப்படித்தான் தீரும்.

ஆசிரியர் எல்லாப் பிழைகளையும் தானே திருத்தக் கூடாது என்பது இங்கே முக்கியம். ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு பிழை வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, "இந்தப் பக்கத்தில் ஆறு சந்திப் பிழைகள் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிட வேண்டும். தேடுவது மாணவர் வேலை.

உயர்நிலை மாணவர்களுக்கு

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையை எழுதி, தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கும் தகுதிக்குக் கொண்டுவரலாம். பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கிய பிறகு, செங்கல் கட்டடங்கள் எழுப்ப வேண்டியதாயிற்று. செங்கற்சூளைகள் இருந்த இடமே இந்தப் பெயரைப் பெற்றது. பிறகு ரயில்வே ஊழியர்கள் குடியேறினார்கள், தமிழர் வாழ்வு வேரூன்றியது. 1904ஆம் ஆண்டில் விவேகானந்தர் ஆசிரமம் எழுந்தது. 2010ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா என்று அறிவிக்கப்பட்டது. கிள்ளானை எடுத்துக்கொண்டால், 1901இல் திறக்கப்பட்டு 1972இல் பெயர் மாறிய துறைமுகம் இருக்கிறது. 1941ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் இருக்கிறது. எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது.

விக்கிப்பீடியாவில் நேரடியாக எழுத வேண்டியதில்லை. "மணல்தொட்டி" என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். ஐயம் வந்தால் "ஆலமரத்தடி" என்ற பொதுப் பக்கத்தில் மூத்த பயனர்களைக் கேட்கலாம். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் சான்று காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. கேள்விப்பட்டதையும் உறுதியானதையும் பிரித்தறியும் பழக்கம் இதனால் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளை படிவம் 1க்குப் போகும்போது தமிழுக்கு என்ன ஆகிறது? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வழி உண்டு. 15 பேர் சேராத பள்ளியில், அல்லது வகுப்பு பள்ளி நேரத்திற்கு வெளியே நடக்கும் பள்ளியில், தமிழ் மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. பலர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்காமலே போய்விடுகிறார்கள். ஒரு பள்ளியில் ஆறு பேர், இன்னொரு பள்ளியில் எட்டுப் பேர், வேறொரு பள்ளியில் நான்கு பேர் என்று சிதறிக் கிடக்கும் மாணவர்களை ஒரே பக்கத்தில் கூட்ட இந்தக் கருவிகளால் முடியும். அது சட்டப்படியான வகுப்பாகிவிடாது. ஆனால் "தமிழ் எழுதுவது நான் மட்டும்தானா?" என்ற தனிமை உணர்வைப் போக்கும். பதின்மூன்று வயதில் அந்தத் தனிமைதான் பல பிள்ளைகளைத் தமிழிலிருந்து விலக்குகிறது.

ஐயங்களும் விடைகளும்

ஒருவன் உழைக்க மற்றவர்கள் பெயர் வாங்கிக்கொள்ள மாட்டார்களா? மாற்ற வரலாற்றைத் திறந்தால் யார் எத்தனை வரி எழுதினார் என்பது தெரிந்துவிடும். குழுவுக்குப் பாதி மதிப்பெண், தனியாள் உழைப்புக்குப் பாதி மதிப்பெண் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

இப்போது செயற்கை நுண்ணறிவே கட்டுரை எழுதித் தந்துவிடுகிறதே? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா ஆசிரியர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. முடிந்த கட்டுரையை மட்டும் வாங்கித் திருத்தினால் ஏமாற வாய்ப்பு அதிகம். கட்டுரை வளர்ந்த வழியைப் பார்த்தால் அந்த வாய்ப்பு குறையும். நூறு வரி ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் வரலாற்றுப் பக்கம் காட்டிக்கொடுக்கும். மேலும், தன் பாட்டி காண்டா கட்டைத் தோளில் சுமந்த கதை எந்த இயந்திரத்திற்கும் தெரியாது.

தமிழ்த் தட்டச்சு கடினமில்லையா? முதல் இரண்டு வாரம் கடினம்தான். தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒலியெழுத்து முறையில் தட்டினாலும் திரையில் தமிழ் எழுத்தே வரும். கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுதும் வசதியும் உண்டு. ஆனால் பேச்சை அப்படியே விட்டுவிடாமல், எழுத்து வழக்கிற்கு மாற்றுவதையே ஒரு பயிற்சியாக வைக்க வேண்டும்.

கையெழுத்து கெட்டுவிடாதா? எஸ்.பி.எம். தமிழ்த் தாளை மாணவர்கள் கையால்தான் எழுதுகிறார்கள். எனவே நோட்டுப் புத்தகத்தை மூடிவிடச் சொல்லவில்லை. இணையத்தில் கூடித் திருத்திய கட்டுரையை முடிவில் ஒவ்வொருவரும் கைப்பட எழுதட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

பாதுகாப்பு? சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி வழங்கும் டெலிமா கணக்கையே பயன்படுத்த வேண்டும். பக்கத்தைக் குழுவுக்கும் ஆசிரியருக்கும் மட்டும் திறந்து வைக்க வேண்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவற்றை எழுதக் கூடாது. ஒருவரையொருவர் கேலி செய்யும் சொற்களுக்கு இடம் தரக் கூடாது. திருத்துவது எழுத்தைத்தான், எழுதியவரை அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

ஆசிரியர்கள் ஒரு தவணைக்கு ஒரு கூட்டுக் கட்டுரை என்று தொடங்கினால் போதும். எல்லாப் பாடத்தையும் இணையத்திற்கு மாற்ற வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளியில் ஒரு தோழமை ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் கொமுட்டர் ரயிலில் இணைந்த ஊர்கள்தாம். தவணை முடிவில் பிள்ளைகள் நேரில் சந்தித்துப் பேசினால் இன்னும் நல்லது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விழாக்களுக்கும் பரிசளிப்புக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை, பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்துப் பள்ளிக் கணினி அறையில் வைக்கச் செலவிடலாம். வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் அங்கே எழுதட்டும். ஒரு குழுவில் நால்வரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்பதில்லை. வசதியான நேரத்தில் வந்து எழுதிப் போகலாம் என்பதே இந்த முறையின் சிறப்பு.

பெற்றோர்களுக்கு ஒன்று மட்டும். உங்களுக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தேவையான சொல் உங்களிடம் இருக்கிறது. பிள்ளை வந்து "மங்கு என்றால் என்னம்மா?" என்று கேட்டால் "அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்று தள்ளிவிடாதீர்கள். பால்மரத்தில் கட்டிய கிண்ணம் என்று சொல்லுங்கள், விடியலில் அதைத் துடைத்து வைத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்திற்கு ஒரு செய்தியாவது தமிழ் எழுத்தில் அனுப்புங்கள். பிள்ளை பதில் எழுதும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் பழகிய வேலை. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் தமிழைக் கேட்பவர்களாக மட்டும் இல்லாமல் எழுதுபவர்களாகவும் வளர்ந்தால்தான், நாளை தங்கள் பிள்ளைகளை அதே பள்ளியில் சேர்க்க அவர்களுக்கு மனம் வரும். இந்தத் தவணையிலேயே ஒரு வகுப்பு, ஒரு பக்கம், நான்கு மாணவர்கள் என்று தொடங்குவோம்.